மணல், நீர், ஊஞ்சல்: பிள்ளைகளுக்காக ஒரு பயணம்

திங்கள் முதல் வெள்ளி வரை பாடசாலை. சனியும் ஞாயிறும் தனியார் வகுப்பு. இவ்வாறு ஏழு நாளும் ஒரே நிறம் பெற்றுவிட்ட நம் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்பது நாட்காட்டியிற் சிவப்பு மையில் அச்சிடப்பட்ட ஓர் எண் மாத்திரமே. எப்போதேனும் ஒரு ஞாயிறு தப்பிப் பிழைத்து வீடு வந்து சேருமாயின், "இன்றைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவோம்?" என்ற கேள்வி எழுகின்றது. அருமையாகக் கிடைத்த அந்த ஒரு நாளை வீணாக்காது செலவிடுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற ஆண்டில் என் மூத்த மகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி முடித்த மறு கிழமை, அவளையும் அவள் தம்பியையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் குடும்பமாகப் புறப்பட்டோம். இரண்டு மணி நேரப் பிரயாணத்தின் முடிவில் ஒரு பட்டினத்திலே, கட்டணம் வாங்கி உள்ளே விடும் விளையாட்டிடம் ஒன்றை அடைந்தோம். சிவப்பும் மஞ்சளுமாக வர்ணந் தீட்டிய கருவிகள் கண்ணைப் பறித்தன. ஆயினும் நிழல் தரும் மரம் ஒன்றுதானும் அங்கில்லை. கீழே சீமெந்துத் தரை. உச்சி வெயிலிற் காய்ந்த சறுக்குமரத்திற் சிறுவன் ஏழெட்டு முறை ஏறி இறங்கினான், பின்னர் எம்மிடம் ஓடி வந்து, "வீட்டை போவமோ?" என்றான். சரியாக இருபது நிமிடம் சென்றிருந்தது.

மகளோ ஏறு வலையின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, ஏறட்டோ?" என்று கேட்டாள். "ஏறு பிள்ளை" என்றேன். ஒரு படி ஏறியதும் திரும்பிப் பார்த்து, "இன்னும் ஏறட்டோ?" என்றாள். ஒவ்வொரு படிக்கும் அதே கேள்வி. அக்குரல் எனக்குப் பழக்கமான குரலே. பதினேழு வயது நிரம்பிய மாணாக்கர் என் வகுப்பிலே எழுந்து, "சேர், தலைப்பின் கீழே கோடு போடட்டோ?" என்று நாள்தோறும் கேட்கின்றார்களே, அக்குரல்தான் அது. இரண்டாண்டு காலம் ஞாயிறு தவறாமல் வகுப்புக்கு அனுப்பிப் புள்ளிகள் சேர்க்கப் பழக்கிய நான், தன் கால் எட்டும் படியைத் தானே தீர்மானிக்கும் திறனை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேனோ என்ற அச்சம் அன்று என்னைப் பற்றியது. அதன் பின்னரே, நல்ல விளையாட்டிடம் என்பது யாது என்று ஆராய முற்பட்டேன்.

பிள்ளைத்தமிழ் காட்டும் அளவுகோல்

இதற்கு விடை தேடி நான் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. மாணாக்கர்க்கு நான் பலகாலும் கற்பிக்கும் பிள்ளைத்தமிழ் இலக்கியத்திலேயே அது கிடந்தது. பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து என்பது யாவரும் அறிந்ததே. காப்பு முதல் அம்புலி ஈறாக உள்ள ஏழும் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்றிலேதான் ஆண்பாற் பிள்ளைத்தமிழும் பெண்பாற் பிள்ளைத்தமிழும் வேறுபடுகின்றன. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். பிள்ளை வளர்ந்து உலகத்துள் அடியெடுத்து வைக்கும் இறுதி மூன்று பருவங்களையும் நம் முன்னோர் முற்றும் விளையாட்டுக்கே ஒதுக்கிவிட்டார்கள் என்பதை எத்தனை பேர் ஊன்றிக் கவனித்திருக்கின்றோம்?

அவ்வாறு விளையாட்டையும் அடுக்கிப் பாருங்கள். சிற்றில் என்பது மணலிற் கட்டும் வீடு. கட்டுவதும் அழிவதும் மீண்டும் கட்டுவதும் அதன் இயல்பு. சிறுபறை ஓசை, பிள்ளை தன் மனம் போல ஆரவாரஞ் செய்வதற்கான உரிமை அது. சிறுதேர் உருளும் பொருள்; வேகம். அம்மானை மேலே எறிந்து கையில் ஏந்துவது. கண்ணுங் கையும் ஒன்றுபடும் பயிற்சி. நீராடல் தண்ணீர். ஊசல் உயரம், நிலத்தை விட்டுப் பிரியும் அச்சமும் திரும்பி வரும் ஆறுதலும். மணல், ஓசை, வேகம், எறிதல், நீர், உயரம் என்னும் இவ்வாறனுள் எத்தனை ஓரிடத்தில் உண்டோ, அத்தனைக்கு அவ்விடம் ஒரு பயணத்துக்குத் தகுதியுடையது. இதுவே நான் கண்ட அளவுகோல். நாங்கள் பணங் கொடுத்துச் சென்ற இடத்திற்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது உயரம் ஒன்றே தேறிற்று. மணல் இல்லை, நீர் இல்லை, எறியவும் உருட்டவும் ஒன்றுமில்லை. ஆரவாரஞ் செய்யலாகாது என்று பலகையும் எழுதி வைத்திருந்தார்கள்.

மேலை நாட்டார் கற்ற பாடம்

இவ்வுண்மையை மேலை நாட்டாரும் பட்டறிந்தே கண்டனர். டென்மார்க் நாட்டில் சொரன்சன் என்றொரு தோட்டக்கலை அறிஞர் இருந்தார். தாம் அமைத்த அழகிய விளையாட்டிடங்களிலும் பார்க்க, கட்டட வேலை நடக்கும் இடங்களிற் சிந்திக் கிடக்கும் பலகைத் துண்டுகளோடும் கல்லோடும் விளையாடுவதையே பிள்ளைகள் பெரிதும் விரும்புகின்றனர் என்பதை அவர் கண்டார். அக்கருத்தை 1931ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அது செயல்வடிவம் பெற்றது 1943இலே. ஜேர்மானியப் படையினர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அக்காலத்தில், கொப்பன்கேகன் நகரின் எம்ட்ரூப் பகுதியில் உலகின் முதலாவது 'கழிபொருள் விளையாட்டிடம்' திறக்கப்பட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் நாட்டி வைப்பதற்குப் பதிலாகப் பலகை, செங்கல், கயிறு, சுத்தியல் முதலியவற்றைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமே வீடு கட்டினார்கள், தாமே இடித்தார்கள். பொறுப்பாளர் ஒருவர் அருகில் இருந்தார். கட்டளையிடுவதற்கன்று, கேட்டால் உதவுவதற்கே. நம் சிற்றிற் பருவம் வேறு மொழியிற் பிறந்தாற்போன்றதன்றோ இது!

போர் முடிந்த பின்னர், 1946இல், அலன் சீமாட்டியார் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி அவ்விடத்தைச் சென்று பார்த்தார். குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த இலண்டன் நிலங்களிலே அத்தகைய விளையாட்டிடங்கள் தோன்ற வேண்டுமென அவர் எழுதியும் பேசியும் வந்தார். அவ்வாறே பல தோன்றின. ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்தில் அல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947இல் ஒரு சிறிய சதுக்கத்தில் மணற்குழி ஒன்றும் குட்டிக்கரணம் போடும் கம்பிகளும் அமைத்துக் கொடுத்தார். வெறுமையாய்க் கிடந்த மூலைகளிலும் முடுக்குகளிலும் அவ்வாறே அமைத்து, முப்பதாண்டு காலத்தில் 700க்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அந்நகருக்கு அளித்தார். யானை, ஒட்டகம் என்று உருவஞ் சமைத்த கருவிகளை அவர் நாட்டவில்லை. வெறும் வளைவும் கல்லும் கம்பியும் வைத்தார். யானையாகச் செய்த பொருள் யானை ஒன்றாக மாத்திரமே இருக்கும். வெறும் வளைவோ பிள்ளையின் மனத்திற்கேற்ப இன்று மலையாகும், நாளை வீடாகும்.

இவர்களுள் என் நெஞ்சைத் தொட்டவர் இசாமு நோகுச்சி. சிற்பியாகிய அவர், பிள்ளைகள் ஏறவும் சறுக்கவும் ஏற்ற மலை வடிவான விளையாட்டிடம் ஒன்றை 1933ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகருக்கு வரைந்து கொடுத்தார். நகரத்தார் ஏற்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தது. யப்பான் நாட்டின் சப்போரோ நகரத்தார், குப்பை கொட்டி நிரப்பிய நிலத்தைப் பூங்காவாக்கும் பணிக்கு 1988இல் அவரை அழைத்தனர். அவர் திட்டத்தை வரைந்து கொடுத்துவிட்டு அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார். ஆயினும் வேலை நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டில் மொயரெனுமாப் பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 189 எக்டேர் நிலப்பரப்பில், அவர் இளமையிற் கனவு கண்ட 'விளையாட்டு மலை' 30 மீற்றர் உயரத்தில் எழுந்து நின்றது. நகரத்தார் மறுத்த ஒரு மலைக்காக மனிதர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தார் எனின், விளையாட்டு என்பது வேலையற்றோர் பேச்சன்று என்பது தெளிவாகின்றதன்றோ?

உலக நாடுகளும் இதனை ஏற்றுக்கொண்டன. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று விதிக்கின்றது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுறுதி செய்தது. ஆகவே ஞாயிறு விளையாட்டு என்பது பெற்றார் இரங்கி அளிக்கும் சலுகையன்று. கொடுக்க வேண்டிய கடன்.

நம் நாட்டிற் செல்லத் தகுந்த இடங்கள்

சப்போரோவுக்குச் செல்ல நம்மால் இயலாது. செல்லவும் வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் அளவுகோலைக் கையிற் கொண்டு நம் நாட்டையே சுற்றி வருவோம்.

வடபாலார்க்கு முதலிற் சொல்லத் தகுந்தது காரைநகர்க் கசூரினா கடற்கரை. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம். பொன்னாலையைக் கடந்து, இருமருங்கும் நீர் தழுவும் பாலத்தின் மேற் செல்லும் பயணமே பிள்ளைகளுக்கு ஒரு காட்சியாகும். கரை நெடுகச் சவுக்கு மரங்கள். அவற்றின் ஊசியிலைகளிற் காற்றுப் புகுந்து எழுப்பும் இரைச்சல். ஆழங் குறைந்து மெல்லச் சரியும் கடல். மணலும் நீரும் நிழலும் ஒருங்கே வாய்ந்த இவ்விடத்தில், எறிய ஒரு பந்தும் தோண்ட ஒரு சிரட்டையும் இருந்தாற் போதும். வேறு கருவி வேண்டுவதில்லை. அதிகாலையிலோ பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரோ செல்வது நன்று. வழியில் ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன் கோயிலையும் தரிசித்து வரலாம்.

யாழ்ப்பாண நகரினுள்ளேயே சுப்பிரமணியம் பூங்கா இருக்கின்றது. நம்மிற் பலர் நம் பெற்றாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடிய இடம் அது. போர்க்காலத்திற் சிதைவுற்றுக் கிடந்து, பின்னர் புத்துயிர் பெற்றது. அதனைச் சிறப்புடையதாக்குவது அதன் அயல். 1981இல் எரிக்கப்பட்டு, மீளக் கட்டப்பெற்று, 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட பொது நூலகம் நடந்து செல்லுந் தூரத்திலேயே உள்ளது. மாலையில் ஊஞ்சல், அதற்கு முன் ஒரு மணி நேரம் நூலகம் என்று திட்டமிட்டு வெளியூரிலிருந்து வருவோர்க்கு ஒரு நாட் பயணம் இனிது நிறைவுறும்.

ஆண்டில் ஒரே ஒரு நாளைக்கு மாத்திரம் விளையாட்டிடமாகும் ஊர் ஒன்றும் உண்டு. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழாவையே குறிப்பிடுகின்றேன். விதவிதமான உருவங்களில் வானத்தில் எழும் பட்டங்களைக் காண ஊர் ஊராக மக்கள் திரள்வர். விண் பூட்டிய பட்டம் ஒன்று மேலேறி நின்று கூவும்போது, சிறுபறைப் பருவம் வானத்துக்கு ஏறிவிட்டதோ எனத் தோன்றும். பார்த்து வருவதோடு நில்லாமல், வீட்டுக்கு வந்ததும் ஈர்க்கும் கடதாசியும் பசையும் பிள்ளைகளின் கையிற் கொடுப்பவரே அப்பயணத்தின் முழுப் பயனையும் பெற்றவராவர்.

கீழ்மாகாணத்தார்க்குப் பாசிக்குடா. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே நிற்கும் விரிகுடா அது. கடலைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு நீராடற் பருவத்தைத் தொடங்கி வைக்க இதனினும் ஏற்ற இடம் அரிது. ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கீழ்க்கரை கொந்தளிக்கும். சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலமே அங்கு செல்லத் தகுந்தது.

கொழும்பிலே காலிமுகத்திடல். தேசாதிபதி ஹென்றி வாட் 1856இல் இவ்வுலாவிடத்தை அமைக்கத் தொடங்கி 1859இல் நிறைவேற்றினார். கொழும்பிலுள்ள பெண்களின் நலனுக்காகவும் பிள்ளைகளின் நலனுக்காகவும் இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆட்சியாளரை வேண்டிக் கல்லிலும் பொறித்து வைத்தார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், வேலியும் கட்டணமும் இன்றி ஏழை, செல்வர் என்ற பேதமில்லாது பிள்ளைகள் ஓடித் திரிகின்றனர். பட்டமும் பந்தும் ஆரவாரமும் இங்கு தாராளம். கடலோ குளிப்பதற்குரியதன்று, பார்ப்பதற்கே உரியது. அங்கிருந்து சிறிது தூரத்தில், நகர மண்டபத்தின் எதிரே, விகாரமகாதேவி பூங்கா. முன்னாளில் விக்டோரியாப் பூங்கா என வழங்கிய இதில் நிழல் மரங்களும் சிறுவர் விளையாடுமிடமும் உண்டு. காலையிற் பூங்கா, மாலையிற் காலிமுகத்திடல் என்பதே வெயிலறிந்த திட்டம்.

மலைநாட்டில் இரண்டிடங்கள். பேராதனைப் பூங்காவை விளையாட்டிடம் என்று ஒருவரும் கூறார். எனினும் 147 ஏக்கர் பரப்பில், மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோட, நடுவே விரிந்த பெரும் புற்றரையைக் கண்ட பிள்ளையின் கால் சும்மா நிற்குமா? குடை விரித்தாற்போலப் பரந்து நிற்கும் ஆலினத்துப் பெருமரம் ஒன்று அங்குண்டு. அதன் நிழலில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் ஓடிப் பிடித்து விளையாடலாம். நுவரெலியாவிலே விக்டோரியா மகாராணி அரியணை ஏறியதன் அறுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1897இல் பெயர் பெற்ற பூங்காவும், 1873இல் தேசாதிபதி கிரகரி அமைப்பித்த வாவியும் அடுத்தடுத்து உள்ளன. 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், வெயிலை அஞ்சாது நண்பகலிலும் பிள்ளைகள் விளையாடக் கூடிய இடம் இதுவே. குளிருடையை மாத்திரம் மறக்கலாகாது.

சென்றவுடன் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் துணிந்து விளையாட வேண்டும் என்று கூறுவது, கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுக என்பதாகாது. பிள்ளை கண்டறிந்து தானே மதிப்பிடும் ஆபத்து வேறு. அதன் கண்ணுக்குப் புலனாகாத ஆபத்து வேறு. மரக்கிளை உயரமானது என்பது பிள்ளைக்குத் தெரியும். ஊஞ்சற் சங்கிலியின் கொளுக்கி தேய்ந்திருப்பது தெரியாது. முன்னதைப் பிள்ளைக்கு விடுக. பின்னதைப் பெற்றார் பார்க்குக.

ஏறு கருவிகளின் கீழே மணலோ மரச்சிராயோ ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்கு இருத்தல் வேண்டும். சீமெந்தும் இறுகிய மண்ணும் ஆகா. கருவியைச் சுற்றி எப்புறமும் ஆறடி வெளி இருத்தல் நன்று. கம்பிகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் கூடியும் ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தும் இருப்பின், உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ள இடமுண்டு. அத்தகைய கருவியில் சிறு குழந்தையை விடலாகாது. உலோகச் சறுக்குமரத்தை முதலிற் கையால் தொட்டுப் பாருங்கள். நண்பகலில் தோலைச் சுட்டுவிடும். கழுத்தைச் சுற்றிய சால்வை, தொங்கும் நாடா, சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட்டே பிள்ளையை ஏற விடுக.

பலர் அறியாத ஒன்றையும் இங்கு கூற வேண்டும். சிறு குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பு என்று தாய்மார் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. குழந்தையின் பாதம் பக்கத்திற் பட்டுத் தடைப்படும்போது, பெரியவரின் பாரமும் சேர்ந்து அதன் காலெலும்பை முறித்துவிடுகின்றது. தனியே சறுக்கும் குழந்தை கால் தடைப்பட்டால் அவ்விடத்தே நின்றுவிடும். தனியே சறுக்க இயலாத குழந்தைக்குச் சறுக்குமரம் இன்னும் வேண்டியதில்லை என்பதே பொருள்.

நோர்வே நாட்டு ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் அம்மையார், பிள்ளைகள் இயல்பாகவே நாடும் துணிகர விளையாட்டை 2007இல் ஆறு வகையாக வகுத்துக் காட்டினார்: உயரம் ஏறுதல், வேகமாகச் செல்லுதல், கூரிய கருவிகளைக் கையாளுதல், ஆழ்நீர், நெருப்பு போன்றவற்றின் அருகே விளையாடுதல், மல்லுக்கட்டுதல், பெரியோர் கண்ணுக்கு மறைவாகத் தனியே திரிதல். நாம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூறும் 'வேண்டாம்' அனைத்தும் இவ்வாறனுள் அடங்கிவிடுகின்றன. அவற்றை முழுதும் தடுத்தாற் பிள்ளை பாதுகாப்பாக வளரும் என்று எண்ணுகின்றோம். அளவோடு பழகாத பிள்ளைக்கு ஆபத்தை அளக்கும் கண் எங்கிருந்து வரும்?

இருவகைப் பிள்ளைகளை இவ்விடத்தில் நினைவூட்டுவது என் கடமை. ஒருவர் நம் பெண்பிள்ளைகள். பத்து வயது கடந்ததும், "நீ பெரிய பிள்ளை, அம்மாவோடு இரு" என்று பாயில் இருத்திவிடுகின்றோம். அம்மானையும் நீராடலும் ஊசலும் பெண்பாலுக்கே உரியன என்று பாடிய இனம் நாம் என்பதை மறத்தல் தகுமா? மற்றவர் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகள். மணலின் விளிம்பு வரையேனும் உருண்டு செல்ல ஒரு பாதையும், சாய்ந்திருக்கும் ஊஞ்சல் ஒன்றும் எங்குளவோ அங்குதான் எல்லோர்க்குமான விளையாட்டிடம் தொடங்குகின்றது. நம் நகரசபைகளும் பிரதேச சபைகளும் அடுத்த ஊஞ்சலை நாட்டுமுன் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பெற்றார் செய்ய வேண்டியது

இடத்தைத் தேர்ந்து, நேரமறிந்து, கட்டுச்சோறும் தண்ணீரும் மாற்றுடையும் எடுத்துச் சென்றுவிட்டோம். இனிப் பெற்றார் செய்ய வேண்டியது யாது? ஒன்றுஞ் செய்யாதிருத்தல். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. "அங்கே போ, இதில் ஏறு, தம்பிக்கு விடு, படத்துக்கு நில்" என்று நிமிடத்துக்கொரு கட்டளை பிறப்பிப்போமாயின், வகுப்பறையைத் தூக்கிக் கடற்கரையில் வைத்தவராவோம். எம்ட்ரூப் பொறுப்பாளரைப் போல அருகில் இருப்போம், கேட்டால் உதவுவோம், கைப்பேசியைப் பைக்குள் வைப்போம். "சலிப்பாயிருக்கின்றது" என்று பிள்ளை கூறினாலும் அவசரப்பட்டு விளையாட்டொன்றை எடுத்துக் கொடுக்கலாகாது. சலிப்பின் மறுகரையிலேதான் பெரும்பாலான நல்ல விளையாட்டுகள் பிறக்கின்றன.

இரண்டாம் முறை நாங்கள் பணங் கொடுக்கும் இடத்திற்குச் செல்லவில்லை; கசூரினாவுக்கே சென்றோம். முதல் அரைமணி நேரம் மகள் மணலில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கிண்டட்டோ?" என்று ஒருமுறை கேட்டாள். நான் விடை கூறாமல் கடலையே நோக்கியிருந்தேன். சிறிது நேரங் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, தம்பியைக் கூட்டாளியாக்கிக்கொண்டு கடலிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருந்தாள். அலை வந்து கரையை உடைத்தது. மீண்டும் வெட்டினாள். மீண்டும் உடைந்தது. மூன்றாம் முறை வாய்க்காலை வளைத்து வெட்டிச் சவுக்குக் கொப்புகளை அணையாக நட்டாள். அந்த உபாயத்தை அவளுக்கு ஒருவருஞ் சொல்லிக் கொடுக்கவில்லை. பொழுது சாயத் தொடங்கிற்று. "போவோமா?" என்று கேட்கும் எண்ணத்தோடு நான் அருகிற் சென்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணல் அப்பிய கையை நீட்டித் தடுத்து, "அப்பா, அதிலை நில்லுங்கோ. கரையை மிதிச்சுப் போடாதேங்கோ" என்றாள்.

நின்றேன். பல மாதங்களாக என் அனுமதியையே கேட்டு வந்த பிள்ளை எனக்கு இட்ட முதற் கட்டளை அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வகுப்பு வைத்திருப்பதாக ஆசிரியர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். மகளால் அன்று வர இயலாது என்று அன்றிரவே அவருக்கு அறிவித்தேன்.